தாயா, சேயா: கத்தோலிக்கத் திருச்சபை உண்மையில் என்ன சொல்கிறது?

கருவுற்ற பெண்ணின் உயிருக்கு ஆபத்து நேரும்போது, குழந்தையைக் காப்பாற்றிவிட்டுத் தாயைக் கைவிடும்படி கத்தோலிக்கத் திருச்சபை போதிக்கிறது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில் சக பேராசிரியர்கள் பலர் இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதில் வியப்பில்லை. கத்தோலிக்கக் குடும்பங்களிலேயே பலர் இப்படித்தான் நம்புகிறார்கள் என்பதுதான் கவலைக்குரியது. இந்த நம்பிக்கையோடு ஒரு பெண் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும்போது, அவரும் அவருடைய கணவரும் ஒரு மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் தவறான தகவல் உயிரைப் பறிக்கக்கூடும்.

நான் மருத்துவனும் இல்லை, இறையியல் பட்டம் பெற்றவனும் இல்லை. பிறப்பாலும் பழக்கத்தாலும் கத்தோலிக்கன். தொழிலால், நிச்சயமின்மையின் நடுவே மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைப் படித்தவன். பேறுகாலம் தொடர்பான காரணங்களால் 2020-இல் உலகெங்கும் சுமார் 2,87,000 பெண்கள் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 800 பேர். அவர்களில் எல்லா மதத்தினரும் உண்டு. ஆனால், சிகிச்சை தொடர்பான முடிவுக்குள் மத போதனை நேரடியாக நுழைவது சில சமூகங்களில்தான். கத்தோலிக்கச் சமூகம் அவற்றில் ஒன்று. ஆகவே, அந்தப் போதனை எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது, எங்கே குழப்பம் இருக்கிறது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

போதனை என்ன?

1951 நவம்பரில் திருத்தந்தை 12-ஆம் பயஸ், குடும்ப நலனுக்காக இயங்கிய ஓர் இத்தாலிய அமைப்பினரிடம் உரையாற்றினார். தாயின் உயிரைவிடக் குழந்தையின் உயிரே மேலானது என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை என்று அந்த உரையில் அவர் திட்டவட்டமாகக் கூறினார். தாயா, சேயா என்று கேள்வியை முன்வைப்பதே தவறு. இருவரில் எவர் உயிரையும் நேரடியாக அழிக்கக் கூடாது என்பதுதான் போதனை என்று விளக்கினார். அதே உரையில் இன்னொன்றையும் சேர்த்தார். கர்ப்பத்தைச் சாராத ஒரு நோய்க்காகத் தாய்க்கு உடனடிச் சிகிச்சை தேவைப்பட்டு, அதன் பக்க விளைவாக, யாரும் விரும்பாத வகையில், கருவிலுள்ள குழந்தை இறந்தால், அந்தச் சிகிச்சையைக் குழந்தையின் மீதான நேரடித் தாக்குதலாகக் கருத முடியாது என்றார்.

இதன் பின்னணியில் இருப்பது ‘இரட்டை விளைவுக் கோட்பாடு’. இதன் வேர், 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா தற்காப்பு பற்றி எழுதிய பகுதியில் உள்ளது. ஒரே செயலுக்கு நல்விளைவு ஒன்றும் தீய விளைவு ஒன்றும் இருக்கலாம். அத்தகைய செயலை நான்கு நிபந்தனைகளின் கீழ் செய்யலாம் என்று பிற்கால இறையியலாளர்கள் வகுத்தனர். முதலாவது, செயல் தன்னளவில் தீயதாக இருக்கக் கூடாது. இரண்டாவது, தீய விளைவை நோக்கமாகக் கொள்ளக் கூடாது. மூன்றாவது, நல்விளைவு அந்தத் தீய விளைவின் வழியாகக் கிடைப்பதாக இருக்கக் கூடாது. நான்காவது, தீய விளைவைப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குப் போதிய காரணம் இருக்க வேண்டும்.

கருவுற்ற பெண்ணுக்குக் கருப்பையில் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். கருப்பையை அகற்றினால் குழந்தை இறக்கும். ஆயினும் அகற்றப்படுவது நோயுற்ற உறுப்பு. நோக்கம் தாயைக் குணப்படுத்துவது. அவர் பிழைப்பது நோய் நீங்குவதால்தான், குழந்தை இறப்பதால் அன்று. ஆகவே இந்த அறுவை சிகிச்சையில் அறநெறித் தடை எதுவும் இல்லை. அமெரிக்க ஆயர்கள் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்காக வகுத்த வழிகாட்டு நெறிகளில் 47-ஆவது விதி என்று அறியப்படும் பகுதி இதையே சொல்கிறது. குழந்தை வெளியுலகில் பிழைக்கும் பருவம் வரை தள்ளிப்போட முடியாத, கடுமையான நோய்க்கான சிகிச்சை, குழந்தையின் மரணத்தில் முடிந்தாலும் அனுமதிக்கத்தக்கது.

கேட்பதற்கு எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நோய்கள் எப்போதும் கோட்பாட்டின் வரப்புக்குள் நின்றுவிடுவதில்லை.

சினைக்குழாயில் தங்கிய கரு

கர்ப்பங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டில் கரு கருப்பைக்கு வெளியே தங்கிவிடுகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சினைக்குழாயில் தங்குபவை. அங்கே வளரும் கரு பிழைக்க வழியே இல்லை. குழாய் வெடித்தால் உட்புற ரத்தப்போக்கால் தாய் சில மணி நேரத்தில் இறக்கக்கூடும்.

இந்த விஷயத்தில் திருச்சபையின் வரலாறு கற்றுக்கொள்ளத்தக்கது. 1902-இல் ரோமின் திருப்பேராயம், முதிராத கருவைச் சினைக்குழாயிலிருந்து எடுப்பதற்கு அனுமதி மறுத்தது. 1933-இல் லிங்கன் பௌஸ்கரன் என்ற இயேசு சபைக் குரு இச்சிக்கலை நூலாகவே ஆராய்ந்தார். கரு தங்கிய இடத்தில் சினைக்குழாயே சிதைந்து நோயுற்ற உறுப்பாகிவிடுகிறது. ஆகவே குழாயின் அந்தப் பகுதியை அகற்றுவது, புற்றுநோய் கண்ட கருப்பையை அகற்றுவதைப் போன்றதே என்று அவர் வாதிட்டார். படிப்படியாக இந்த வாதம் பரவலான ஏற்பைப் பெற்றது. மருத்துவ அறிவு வளர்ந்தபோது அறநெறிச் சிந்தனையும் அதன் உண்மைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இன்று மருத்துவத்தில் மூன்று வழிகள் உள்ளன: குழாயை அகற்றுவது, குழாயைக் கீறிக் கருவை மட்டும் எடுப்பது, மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தால் கருவின் வளர்ச்சியை நிறுத்துவது. முதல் வழியை ஏறக்குறைய எல்லாக் கத்தோலிக்க அறநெறியாளர்களும் ஏற்கின்றனர். மற்ற இரண்டிலும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. அவை கருவை நேரடியாகத் தாக்குவன என்பது ஒரு சாராரின் கருத்து. தாயைச் சிதைக்கும் திசு வளர்ச்சியை நிறுத்துவதே அவற்றின் இலக்கு என்பது மறு சாராரின் கருத்து. ரோம் இதில் இறுதித் தீர்ப்பு வழங்கவில்லை. அறிவும் நன்னம்பிக்கையும் உள்ள இறையியலாளர்களே இரு பக்கமும் நிற்கும் ஒரு கேள்வியில், மருத்துவர் பரிந்துரைக்கும் பாதுகாப்பான வழியைத் தேர்ந்துகொள்ளும் பெண்ணைக் குற்றவாளியாகப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை.

காத்திருத்தலின் விலை

இதைவிடக் கடினமானது, குழந்தை பிழைக்கும் பருவத்துக்கு முன்பே பனிக்குடம் உடைந்துவிடும் நிலை. நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளிலும் 22 முதல் 24 வாரங்களுக்கு முன் பிறக்கும் குழந்தையைக் காப்பாற்றுவது அரிது. அதற்கு முன் பனிக்குடம் உடைந்தால் நோய்க்கிருமி கருப்பைக்குள் செல்ல வழி திறந்துவிடுகிறது. குழந்தையின் இதயமோ இன்னும் துடித்துக்கொண்டிருக்கும்.

2012-இல் அயர்லாந்தில் இதுதான் நடந்தது. கர்நாடகத்தின் பெல்காமைச் சேர்ந்தவர் சவிதா ஹலப்பனவர், வயது 31, பல் மருத்துவர். 17 வாரக் கர்ப்பத்தோடு அக்டோபர் 21 அன்று கால்வே பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள் அதிகாலை பனிக்குடம் உடைந்தது. கருச்சிதைவு தவிர்க்க முடியாதது என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. கர்ப்பத்தை முடித்துவிடுமாறு சவிதா கேட்டார். இதயத் துடிப்பு இருப்பதால் சட்டம் இடம் தராது என்று மறுக்கப்பட்டது. இது கத்தோலிக்க நாடு என்று அங்கிருந்த மருத்துவச்சி ஒருவர் விளக்கியதாக மரண விசாரணையில் வெளிப்பட்டது. ரத்தத்தில் தொற்று பரவி, அக்டோபர் 28 அன்று சவிதா இறந்தார். அவர் இந்து. அந்த மருத்துவமனை அரசு மருத்துவமனை, திருச்சபையினுடையது அன்று. ஆனால், கத்தோலிக்கப் பெரும்பான்மையின் ஆதரவோடு 1983-இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட எட்டாவது திருத்தம்தான் அங்கே சட்டமாக நின்றது. தாயின் உயிருக்கும் கருவின் உயிருக்கும் சம உரிமை அளித்த திருத்தம் அது.

இந்த மரணத்தை ஆராய அமைக்கப்பட்ட சுகாதாரத் துறைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர், இலங்கைத் தமிழரும் உலகப் புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவருமான பேராசிரியர் சபாரத்தினம் அருள்குமரன். 2013 ஜூனில் வெளியான அவருடைய அறிக்கை மூன்று குறைகளைச் சுட்டியது. நோயாளியின் நிலையைப் போதிய அளவில் கண்காணிக்கவில்லை. தொற்றின் ஆபத்து கூடிக்கொண்டிருந்தபோது அவருக்கு இருந்த சிகிச்சை வழிகள் அனைத்தும் முன்வைக்கப்படவில்லை. கருவின் இதயம் தானாக நிற்கும்வரை தலையிடக் கூடாது என்பதற்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் தரப்பட்டது.

பொருளியலில், முடிவைத் தள்ளிப்போடுவதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்று கற்பிக்கிறோம். காத்திருந்தால் புதிய தகவல் கிடைக்கலாம், நிலைமை மாறலாம். ஆனால் அந்த மதிப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. காத்திருப்பதால் ஏதேனும் ஒரு நன்மை விளையும் வாய்ப்பு இருக்க வேண்டும். 23-ஆவது வாரத்தில் இருக்கும் பெண், தொற்றில்லாத நிலையில், கண்காணிப்போடு ஒரு வாரம் காத்திருப்பதில் பொருள் இருக்கிறது. அந்த ஒரு வாரம் குழந்தையின் உயிராகலாம். 17-ஆவது வாரத்தில், கருச்சிதைவு தொடங்கிவிட்ட நிலையில் காத்திருப்பது குழந்தைக்கு எதையும் தருவதில்லை. தாயிடமிருந்து மட்டும் ஒவ்வொரு மணி நேரமும் எதையோ எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு பொருளியல் உண்மையும் இங்கே உண்டு. முடிவெடுப்பவர் ஒருவர், அதன் விளைவைச் சுமப்பவர் இன்னொருவர் என்றாகும்போது, முடிவு தவறான பக்கம் சாய்கிறது. அயர்லாந்து மருத்துவரின் முன்னால் ஆயுள் தண்டனை வரை விதிக்கக்கூடிய 1861-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. முன்கூட்டியே தலையிட்டால் ஆபத்து அவருக்கு. தாமதித்தால் ஆபத்து நோயாளிக்கு. சட்டம் இப்படி அமைந்திருக்கும்போது தாமதம் தனிமனிதக் கோழைத்தனம் மட்டுமன்று. அமைப்பே விளைவிக்கும் பயன்.

சவிதாவின் மரணத்துக்குப் பின், 2012 நவம்பரில் அயர்லாந்து ஆயர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். தாயைவிடக் குழந்தையின் உயிருக்கு முன்னுரிமை என்று திருச்சபை போதித்ததே இல்லை என்று அதில் கூறினர். அது உண்மைதான். கருப்பையில் தொற்று உண்டாகிவிட்டால் பிரசவத்தைத் தூண்டித் தொற்றின் மூலத்தை அகற்றுவதைக் கத்தோலிக்க அறநெறி ஏற்கிறது. தொற்றின் அறிகுறி இன்னும் தோன்றாத இடைவெளியில்தான் அறநெறியாளர்கள் பிரிகின்றனர். ஆனால் தொற்று கருப்பையிலிருந்து ரத்தத்துக்குத் தாவ அதிக நேரம் தேவையில்லை என்பதையும் மருத்துவம் சொல்கிறது. சரியான போதனை ஏட்டில் இருந்தும், மருத்துவமனைக் கட்டிலருகே அது எட்டவில்லை என்றால், ஏட்டில் இருப்பதால் யாருக்கு என்ன பயன்? 2013-இல் அயர்லாந்து புதிய சட்டம் இயற்றியது. 2018 மே மாதப் பொது வாக்கெடுப்பில் 66.4 சதவீதத்தினர் எட்டாவது திருத்தத்தை நீக்க வாக்களித்தனர்.

ஃபீனிக்ஸ் நகரின் வழக்கு

சவிதாவுக்கு நேர்ந்தது போதனை சென்றடையாததன் விளைவு என்றால், போதனையின் எல்லையே சோதிக்கப்பட்ட நிகழ்வு 2009 இறுதியில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் நடந்தது. அங்கே புனித யோசேப்பு மருத்துவமனையில், நான்கு குழந்தைகளின் தாயான 27 வயதுப் பெண் ஒருவர் 11 வாரக் கர்ப்பத்தோடு அனுமதிக்கப்பட்டார். அவருக்கு நுரையீரல் தமனிகளில் கடும் உயர் அழுத்தம். கர்ப்பத்தின்போது உடலில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். அந்தச் சுமையைத் தாங்க முடியாமல் இதயம் செயலிழக்கும். கர்ப்பம் தொடர்ந்தால் அவர் இறப்பது ஏறக்குறைய உறுதி என்று மருத்துவர்கள் மதிப்பிட்டனர். அவர் இறந்தால் 11 வாரக் கருவும் இறக்கும். மருத்துவமனையின் அறநெறிக் குழுவில் இருந்த அருட்சகோதரி மார்கரெட் மக்பிரைட், கர்ப்பத்தை முடிக்க ஒப்புதல் அளித்தார். பெண் உயிர் பிழைத்தார்.

உள்ளூர் ஆயர் தாமஸ் ஓல்ம்ஸ்டெட், இது நேரடிக் கருக்கலைப்பு என்றும், இதனால் அருட்சகோதரி தாமாகவே சபை நீக்கத்துக்கு உள்ளாகிவிட்டார் என்றும் அறிவித்தார். இந்தச் செய்தி 2010 மே மாதம் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று அந்த மருத்துவமனையின் கத்தோலிக்க அடையாளத்தையே நீக்கினார். 1895-இல் அருட்சகோதரிகள் தொடங்கிய மருத்துவமனையில் அதன்பின் திருப்பலி இல்லை.

ஆயரின் தர்க்கத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. நோயுற்றிருந்தது நுரையீரலும் இதயமும். கருப்பை நலமாகவே இருந்தது. ஆகவே, குழந்தையின் மரணத்தின் வழியாகவே தாயின் நலம் பெறப்பட்டது என்பதும், மூன்றாவது நிபந்தனை மீறப்பட்டது என்பதும் அவரது வாதம். அமெரிக்க ஆயர்களின் கோட்பாட்டுக் குழுவும் 2010 ஜூனில் இந்த வேறுபாட்டை வலியுறுத்தியது. எதிர்ப்பக்கத்தில் தெரேஸ் லைசாட் என்ற கத்தோலிக்க இறையியலாளர் விரிவான ஆய்வொன்றை எழுதினார். குழந்தையை எந்த வழியிலும் காப்பாற்ற இயலாத நிலையில், அந்தச் செயலின் அறநெறி இலக்கு தாயின் உயிரைக் காப்பது மட்டுமே. அதை நேரடிக் கருக்கலைப்பு என வகைப்படுத்துவது பொருந்தாது என்று அவர் முடிவு செய்தார். அமெரிக்கக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கமும் மருத்துவமனையின் பக்கம் நின்றது. 2011 டிசம்பரில் அருட்சகோதரி மார்கரெட் மீண்டும் திருச்சபையோடு முழு உறவில் இருப்பதாக மருத்துவமனை தெரிவித்தது.

இந்த விவாதத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஒரு பக்கம் இரண்டு மரணங்கள், மறு பக்கம் ஒரு மரணம் என்று மட்டும் இருக்கும் நிலையில், குழந்தை பிழைக்கும் வாய்ப்பு எந்தப் பாதையிலும் இல்லாதபோது, அந்தத் தாயின் நான்கு குழந்தைகளையும் அநாதைகளாக்கும் வழிதான் உயிரைப் போற்றும் வழி என்று என்னால் ஏற்க இயலவில்லை. அதே நேரம், கணக்கு மட்டும் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். எண்ணிக்கையை வைத்து உயிர்களைப் பேரம் பேசும் பழக்கம் பரவினால் என்ன ஆகும் என்ற ஆயரின் அச்சம் நியாயமானது. நோயுற்றவர், முதியவர், ஊனமுற்றவர் ஆகியோர் மீது அந்தக் கணக்கு திரும்ப நெடுங்காலம் ஆகாது. எனவேதான் இந்த விலக்கின் எல்லையைக் கவனமாகக் குறிக்க வேண்டும்: இருவரும் இறப்பது மருத்துவ அளவில் உறுதி; ஒருவரையாவது காக்க வேறு வழி இல்லை. இந்த இரண்டும் சேர்ந்த நிலையில் மட்டுமே நான் சொல்வது பொருந்தும்.

புனிதத்துவமும் கடமையும்

இத்தகைய உரையாடல் எழும்போதெல்லாம் புனித ஜான்னா பெரெட்டா மோல்லாவின் பெயர் வந்துவிடும். இத்தாலியில் 1922-இல் பிறந்த ஜான்னா, குழந்தை மருத்துவர். மூன்று குழந்தைகளின் தாய். 1961-இல் நான்காவது முறை கருவுற்று இரண்டாவது மாதத்தில் இருந்தபோது கருப்பையில் நார்த்திசுக் கட்டி இருப்பது தெரிந்தது. கட்டியை மட்டும் அகற்றிக் கர்ப்பத்தைத் தொடரும் வழியை அவர் தேர்ந்தெடுத்தார். 1962 ஏப்ரல் 21 அன்று அறுவை சிகிச்சை மூலம் பெண் குழந்தை பிறந்தது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 28 அன்று, வயிற்று உறையில் பரவிய தொற்றால் ஜான்னா இறந்தார். 2004 மே 16 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் பெற்றெடுத்த அந்த மகளும் அந்த விழாவில் இருந்தார்.

பலரும் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி இதில் உண்டு. கருப்பையை முழுமையாக அகற்றிக்கொள்ளும் வழியும் ஜான்னாவுக்கு இருந்தது. நான் மேலே விளக்கிய கோட்பாட்டின்படி அது கத்தோலிக்க அறநெறிக்கு உட்பட்டதே. அதைத் தேர்ந்திருந்தாலும் அவர் பாவம் செய்தவர் ஆகியிருக்கமாட்டார். அவர் செய்தது கடமைக்கு அப்பாற்பட்ட ஈகை. புனிதர் பட்டம் அதற்காகத் தரப்படுகிறது. மற்ற தாய்மார்களின் மீது சுமத்தும் கட்டளையாக அன்று. மூழ்கும் கப்பலில் தன் உயிர்காப்பு மிதவையை இன்னொருவருக்குக் கொடுத்தவரைப் போற்றலாம். கொடுக்காதவரைக் கொலைகாரர் என்று சொல்ல முடியாது. மேலும், அந்த ஈகைக்கு மதிப்பு வருவதே ஜான்னா தானாகத் தேர்ந்தார் என்பதால்தான். தகவலை மறைத்து, அல்லது நரக அச்சத்தை ஊட்டி, இன்னொரு பெண்ணை அந்த இடத்துக்குத் தள்ளினால் அது ஈகை ஆகாது.

தண்டனை பற்றிய அச்சம்

கருக்கலைப்புக்குத் திருச்சபைச் சட்டம் தானாகவே விளையும் சபை நீக்கத்தைத் தண்டனையாக வைத்திருக்கிறது. இது பலருக்குத் தெரியும். அதே சட்டத் தொகுப்பு, பல சூழல்களில் அந்தத் தண்டனை தானாக விளையாது என்றும் சொல்கிறது என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. கடுமையான அச்சத்தாலோ அவசியத்தாலோ உந்தப்பட்டுச் செயல்பட்டவர், 18 வயது நிறையாதவர், இப்படியொரு தண்டனை இருப்பதைத் தன் தவறின்றி அறியாதவர் ஆகியோர் 1324-ஆவது விதியின்படி இதற்கு உட்படுவதில்லை. தன் உயிர் போய்விடும் என்ற அச்சத்தைவிடக் கடுமையான அச்சம் எது? ஃபீனிக்ஸ் நிகழ்வைப் போன்ற ஒன்றில், போதனையின் கடுமையான விளக்கத்தையே ஏற்றுக்கொண்டாலும், அந்தப் பெண் திருச்சபைக்கு வெளியே தள்ளப்பட்டவர் ஆகமாட்டார் என்றே இந்த விதியைப் படிக்க வேண்டும்.

கருக்கலைப்புப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாக வழங்கித் திருத்தந்தை பிரான்சிஸ் 2016 நவம்பரில் மடல் வெளியிட்டார். தன் மனச்சான்றின் உறுதியான தீர்ப்புக்கு மனிதர் எப்போதும் கீழ்ப்படிய வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கூறுகிறது. மனச்சான்று என்பது விருப்பம்போல் நடப்பதற்கான அனுமதிச் சீட்டு இல்லை. அது உண்மையை அறிந்து உருவாக வேண்டும். அதனாலேயே அந்தப் பெண்ணிடமிருந்து உண்மையை மறைப்பது அவருடைய மனச்சான்றுக்கு எதிரான குற்றமாகிறது.

நம் மருத்துவமனைகளில்

1943-இல் ஆந்திரத்தின் குண்டூரில் பணியாற்றிய மருத்துவ அருட்சகோதரி மேரி குளோரி தொடங்கிய இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கத்தில் இன்று 3,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உறுப்பினராக உள்ளன. அவற்றுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லாதவர்கள். கிராமப்புறங்களில் அந்த அருட்சகோதரிகளின் பிரசவ அறைகள் காப்பாற்றிய தாய்மார்கள் ஏராளம். அந்த நன்றியை மறவாமலே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மருத்துவமனை எந்தச் சிகிச்சையை அளிக்காது என்பது, அந்தச் சிகிச்சை தேவைப்படும் நள்ளிரவுக்கு முன்பே நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தை பழுதடையும் என்பது பொருளியலின் பாலபாடம். மருத்துவத்தில் அந்தப் பழுதின் விலை உயிர்.

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. 1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவின்படி, தாயின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவை என்று பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் நன்னம்பிக்கையோடு கருதினால் போதும். கர்ப்பக் கால வரம்பு தடையாகாது. வயது வந்த பெண்ணுக்கு அவருடைய சொந்தச் சம்மதமே போதுமானது. கணவரின் கையொப்பத்தைச் சட்டம் கோரவில்லை.

இப்படியொரு நிலை நேரும்போது, கத்தோலிக்கத் தம்பதியர் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. குழந்தை பிழைக்கும் வாய்ப்பு ஏதேனும் ஒரு வழியிலாவது இருக்கிறதா? அந்தப் பருவத்தை எட்ட எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? அதுவரை தாய்க்கு உள்ள ஆபத்து எவ்வளவு? காய்ச்சல், நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றில் எந்த அறிகுறி தோன்றினால் உடனே தலையிடுவீர்கள்? இந்த மருத்துவமனையில் செய்ய மாட்டாத சிகிச்சை எது? அது தேவைப்பட்டால் எங்கே, எவ்வளவு விரைவில் மாற்றுவீர்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், நோயாளி இன்னும் நடமாடும் நிலையில் இருக்கும்போதே வேறு மருத்துவமனைக்குச் செல்வது நல்லது.

பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. தாய்க்கு நோயில்பூசுதல் அருட்சாதனம் வழங்கலாம். அது சாகப்போகிறவர்களுக்கு மட்டுமானது அன்று. உயிரோடு வெளிவரும் குழந்தை எத்தனை சிறியதாயினும் திருமுழுக்குப் பெறலாம். குரு இல்லாத அவசர நிலையில், தகுந்த நோக்கமுடைய எவரும், செவிலியரும்கூட, தண்ணீர் ஊற்றித் திருமுழுக்கு அளிக்கத் திருச்சபைச் சட்டம் இடமளிக்கிறது. திருமுழுக்குக்கு முன்பே இறந்த குழந்தைக்கும், பெற்றோர் அதை அளிக்க எண்ணியிருந்தால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை முறைப்படி அடக்கச் சடங்கு செய்யலாம். மருத்துவக் கழிவாகக் குழந்தையை இழந்துவிட்டோமே என்று ஆண்டுக்கணக்கில் புழுங்கும் தாய்மார்களுக்கு இந்தச் செய்தி முன்பே எட்டியிருந்தால் அவர்களின் துயரம் ஓரளவேனும் குறைந்திருக்கும்.

திருமணத்துக்கு முன்பு நம் மறைமாவட்டங்கள் இளைஞர்களுக்குத் தயாரிப்பு வகுப்புகள் நடத்துகின்றன. இயற்கை முறைக் குடும்பக் கட்டுப்பாடு பற்றி அங்கே சொல்லப்படுகிறது. பேறுகால ஆபத்து பற்றியும், அந்த நேரத்தில் திருச்சபை எதை அனுமதிக்கிறது என்பது பற்றியும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மகப்பேறு மருத்துவர் ஒருவரையும் குரு ஒருவரையும் ஒரே மேடையில் பேச வைக்கலாம். இதற்குப் பெரும் செலவு ஏதுமில்லை. தன் உயிரைக் காத்துக்கொள்ள உரிய சிகிச்சையை ஏற்பதைத் திருச்சபை பாவம் என்று சொல்லவில்லை என்ற உண்மையை, ஒரு பெண் தன் முதல் கர்ப்பத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்லும் பொறுப்பு ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் கத்தோலிக்க மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும் இருக்கிறது.